ஐரோப்பா போகிறீர்களா, கூடப் போகிறீர்களா?

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிவிட்டால், மதுரை வீடுகளில் அடுத்த பேச்சு, "லீவுக்கு எங்கிட்டுப் போறோம்?" என்பதுதான். ஒரு காலத்தில் கொடைக்கானல், குற்றாலம். மிஞ்சிப் போனால் காசி. இப்போது 'பன்னிரண்டு நாளில் ஏழு நாடு' என்று ஈஃபில் கோபுரத்தின் படம் போட்ட நோட்டீஸ் காலைப் பேப்பரோடு சேர்ந்து வீட்டுக்கே வந்துவிடுகிறது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு. சீட்டுப் பிடித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கிளம்புகிற இளம் தம்பதிகளும் உண்டு.

திருமங்கலம், மேலூர், சோழவந்தான் என்று சுற்றுவட்டாரத்துச் சகோதரிகள் இதைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். "அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா?" "பிள்ளைக்குக் குளிர் தாங்குமா?" "இவருக்குச் சர்க்கரை இருக்கே, சமாளிக்க முடியுமா?"

நல்ல கேள்விகள்தான். ஆனால் கவனித்தீர்களா? மூன்றும் மற்றவர்களைப் பற்றிய கவலை. "அங்கே நான் என்ன பார்க்கணும்?" என்று கேட்டவர்கள் இதுவரை ஒருவரோ இருவரோதான்.

இந்தத் தடவை அதைத்தான் பேசப் போகிறோம். லட்சக்கணக்கில் செலவழித்து இரண்டு பேர் கிளம்புகிறார்கள். ஒருவர் ஊர் பார்க்கப் போகிறார், இன்னொருவர் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், புளிக்காய்ச்சல் பாட்டிலைத் தூக்கவும், போட்டோவில் பக்கத்தில் நிற்கவும் கூடப் போகிறார் என்றால், டிக்கெட் இரண்டு, பிரயாணம் ஒன்றுதான்!

டீக்கடையில் பிறந்த உலகப் பிரயாணம்

நம் பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கொச்சியில் 'ஸ்ரீ பாலாஜி காஃபி ஹவுஸ்' என்ற சின்னக் கடையை நடத்தி வந்தவர்கள் கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் எல்லா வேலையையும் இருவருமே பார்த்தார்கள். தினமும் வருமானத்தில் 300 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கிக்கொண்டு ஒரு நாட்டுக்குப் போவார்கள். திரும்பி வந்து டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைத்த கையோடு அடுத்த நாடு.

2007-இல் அவர்களுடைய முதல் வெளிநாட்டுப் பிரயாணம். அப்போதே அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பிரான்ஸ், ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, இங்கிலாந்து என்று ஐரோப்பாவையும் விட்டு வைக்கவில்லை. மொத்தம் 26 நாடுகள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்விட்டு வந்தார்கள். அடுத்த மாதமே, நவம்பரில், தமது 71-ஆவது வயதில் விஜயன் காலமானார். இவர்களைப் பற்றி 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற டாக்குமெண்டரிப் படமே 2018-இல் வந்திருக்கிறது.

300 ரூபாய் வீதம் சேர்த்தால் வருஷத்துக்கு 1,09,500 ரூபாய். இந்தக் கணக்கை எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்தக் கடையில் உழைப்பு இருவருடையது, கடன் இருவருடையது, அதனால் உலகமும் இருவருடையதாக இருந்தது. "பிள்ளைங்க கல்யாணம் முடியட்டும், வீட்டு லோன் முடியட்டும்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் முழங்கால் வலியோடு விமானம் ஏறுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்னும் இரண்டு வருஷம் இன்னும் இரண்டு வருஷம் என்று அவரும் ஒத்திப் போட்டிருந்தால், அந்த அம்மாவிடம் இன்று 26 நாட்டு நினைவுகள் இருந்திருக்குமா?

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. அவர்கள் கடன் வாங்கியதைப் பார்த்து, நகையை அடகு வைத்துக் கிளம்பிவிடாதீர்கள். தினமும் கல்லாவில் காசு விழும் கடை அவர்களுக்கு இருந்தது. மாதச் சம்பளக் குடும்பத்துக்குச் சேமிப்புத்தான் நல்லது. அதுவும் தனிக் கணக்காக, முடிந்தால் இருவர் பேரிலும் சேர்ந்த கணக்காக இருக்கட்டும்.

"மாட்டுத்தாவணி பத்தலையாக்கும்?"

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. அவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு உசிலம்பட்டிப் பக்கம். மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். ஐரோப்பா டூருக்கு அட்வான்ஸ் கட்டிய அன்று, அந்த அம்மா தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"ஏங்க, ஹாலந்துல பெரிய பூ மார்க்கெட்டு இருக்காம்ல? அதைப் பாக்கணும்ங்க."

"ஏன், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டு உனக்குப் பத்தலையாக்கும்? பூ மார்க்கெட்டைப் பாக்கவா ஏழு கடல் தாண்டிப் போறது?"

வழக்கமாக இத்தோடு பேச்சு நின்றுவிடும். அன்று நிற்கவில்லை.

"எங்கப்பா விடியக்காலம் மூணு மணிக்குக் கூடையைத் தூக்கிட்டு மதுரைக்கு வருவாரு. தரகர் சொன்ன விலைக்குக் குடுத்துட்டுத் திரும்புவாரு. அங்கன எப்படி விலை வைக்கிறாங்கன்னு ஒரு தடவை பாக்கணும்ங்க."

அவர் பதில் பேசவில்லை. ஆனால் கம்பெனிக்காரரிடம் சொல்லி, ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க ஏற்பாடு செய்துவிட்டார்.

அந்த அம்மா சொன்ன இடம் ஆல்ஸ்மீர். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பூ ஏலச் சந்தை. காலையிலேயே போக வேண்டும். சனி, ஞாயிறு கிடையாது. பார்வையாளர்கள் உயரத்தில் உள்ள நடைபாதையில் நின்று, கீழே வண்டி வண்டியாகப் பூ ஓடுவதைப் பார்க்கலாம். அங்கே ஏலம் நம் ஊர் மாதிரி கீழிருந்து மேலே ஏறாது. கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் விலை உச்சியில் ஆரம்பித்துச் சடசடவென்று இறங்கும். யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ சரக்கு அவருக்கு. இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தால், இன்னொருவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். இப்போது வியாபாரிகள் எங்கிருந்தோ கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்துகிறார்கள்.

அதைப் பார்த்துவிட்டு வந்து அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "அங்க விலை எல்லாரு கண்ணு முன்னாடியும் இறங்குதும்மா. நம்மூர்ல இறங்கினதுக்கு அப்புறந்தான் விவசாயிக்கே சொல்றாங்க." ஈஃபில் கோபுரத்தைப் பற்றி அவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பூச்சந்தையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், "அன்னைக்கு நானும் நல்லாப் பாத்தேன்" என்று சேர்ந்துகொண்டார்.

உங்கள் ஆசை பூவாக இருக்க வேண்டியதில்லை. தையல் பழகியவருக்குத் துணிக்கடைத் தெரு, சமையலில் பிரியமுள்ளவருக்கு விடிகாலை ரொட்டிக்கடை, படித்த காலத்துச் சரித்திரப் பாடத்தை மறக்காதவருக்கு ரோமாபுரியின் கொலோசியம். எதுவானாலும் வாய் விட்டுச் சொல்லுங்கள். அதுவும் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். டூலிப் மலர்த் தோட்டம் வேண்டுமென்றால், கியூகன்ஹாஃப் பூங்கா மார்ச் மத்தியிலிருந்து மே மத்தி வரை ஏறக்குறைய எட்டு வாரம்தான் திறந்திருக்கும். ஜூனில் போய் இறங்கிவிட்டு, "பூவைக் காணோமே" என்றால் யார் என்ன செய்வது?

காகிதங்கள்: நீங்களும் படியுங்கள்

"அதெல்லாம் அவர் பாத்துக்குவார்" என்று பாஸ்போர்ட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெண்கள் உண்டு. வெளியூரில் அவர் ஒரு ரயில் பெட்டியிலும் நீங்கள் ஒரு ரயில் பெட்டியிலும் ஏறிவிட்டால்? உங்கள் பாஸ்போர்ட் உங்கள் பையில் இருக்கட்டும். அதன் நகலும், தங்கும் ஓட்டலின் விலாசமும், கொஞ்சம் யூரோ பணமும் கூட இருக்கட்டும். அவருடைய செல் நம்பர் மனப்பாடமாக இருக்கட்டும். ஆபத்து, அவசரம் என்றால் ஐரோப்பிய யூனியன் நாடுகள் எல்லாவற்றிலும் 112 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் 29 நாடுகளுக்குப் போகலாம். பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஹாலந்து எல்லாம் இதில் அடக்கம். இங்கிலாந்து அடங்காது, அதற்குத் தனி விசா. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் கீழே இலவசம். கணக்குப் போடச் சுலபமாக ஒரு யூரோவை நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். கடைசி நிமிஷத்துக்குத் தள்ளாதீர்கள்.

30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். நம் பணத்தில் 30 லட்சத்துக்கு மேல். கையெழுத்துப் போடும் முன், ஏற்கெனவே இருக்கிற பி.பி., சர்க்கரை, இதய நோய்க்கு அந்தப் பாலிசி பணம் கொடுக்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். விசாவுக்குக் கைரேகை எடுப்பார்கள். அந்த வாரத்தில் விரல் நுனியில் மருதாணி வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுவதிலும், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்ப்பதிலும்தான் நம் பெண்களுக்கு வம்பே வருகிறது.

தெப்பக்குளத்தில் ஆரம்பியுங்கள்

ஐரோப்பாவில் ஊர் பார்ப்பது என்றால் நடப்பது. பஸ் ஒரு மூலையில் இறக்கிவிடும். கற்கள் பாவிய தெருவில் மூன்று நான்கு மைல் சாதாரணமாக நடக்க வேண்டும். வெனிஸ் நகரில் காரே கிடையாது. நூற்றுப்பதினெட்டுத் தீவுகள், நானூறுக்கு மேல் பாலங்கள். பல பாலங்களுக்குப் படி. பெட்டியை நாம்தான் தூக்க வேண்டும்.

ஆகவே இரண்டு மாதம் முன்பே தயாராகுங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். முதல் வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று, பிறகு நான்கு. அந்த ஷூவையே போட்டு நடங்கள். புது ஷூவோடு விமானம் ஏறுவது கொப்புளத்துக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி. மாடிப்படி ஏறிப் பழகுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் டூரைப் பற்றி இருவரும் நிதானமாகப் பேசக் கிடைக்கும் நேரம்!

மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் கிடையாது. சென்னை வழியாகவோ, துபாய் வழியாகவோ மாறித்தான் போக வேண்டும். நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும். சிலருக்குக் காலில் ரத்தம் உறையவும் கூடும். கர்ப்பிணிகள், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். மற்றவர்கள் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், பாதத்தைச் சுழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

மாத்திரைகள் எல்லாம் கைப்பையில், டாக்டர் சீட்டோடு இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் அடித்தட்டுக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அந்த நாளில் ஊசியும் மாத்திரையும் எந்த நேரத்துக்கு என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்விட்சர்லாந்தில் யூங்ஃப்ராவ் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். தலைவலி, மூச்சு வாங்குதல் சகஜம். மெதுவாக நடங்கள். இதய நோய் உள்ளவர்களும், ரத்தசோகை அதிகமாக உள்ளவர்களும் டாக்டர் சொல்லாமல் ஏறக் கூடாது. நம் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர் குறைவு. கிளம்பும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அவருக்கு மட்டும் டெஸ்ட் எடுத்துவிட்டு, "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லாதீர்கள்.

வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பல இடங்களில் கழிவறைக்குக் காசு; அரை யூரோ, ஒரு யூரோ. "பாத்ரூம் போகவா நூறு ரூபாய்!" என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, சிறுநீர்த் தொற்றோடு ஊர் திரும்பும் பெண்கள் அநேகம். தயவு செய்து இந்தச் சிக்கனம் வேண்டாம். அந்தச் சில்லறையைத் தனிப் பர்ஸில் போட்டு வைத்துவிடுங்கள். உள்ளே காகிதம்தான் இருக்கும். ஒரு காலி பாட்டில் கைப்பையில் இருந்தால் கவலையில்லை. குடிதண்ணீருக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். ரோமில் தெருவுக்குத் தெரு நல்ல தண்ணீர்க் குழாய் உண்டு. சூரிச் நகரில் மட்டும் 1,200-க்கு மேல் குடிதண்ணீர் ஊற்றுக் குழாய்கள் இருக்கின்றன. மாத விலக்கு நாள் கணக்கைப் பார்த்து, வேண்டிய நாப்கின்களை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

அடுப்படியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

பெட்டி கட்டும்போதுதான் நம் குணம் தெரியும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு கொஞ்சம் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நெய் பாட்டிலும் வேண்டாம். பால் பொருள்களையும் மாமிசப் பொருள்களையும் பிரயாணிகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய யூனியனில் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், தலையில் சூடப் பொட்டலம் கட்டிய மல்லிகை, இவற்றுக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியாக இருந்தாலும் சுங்கத்தில் சலுகை கிடையாது! கைக்குழந்தைக்கு வேண்டிய பால் பவுடருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வெஜிடேரியன்' என்று சொன்னால் மட்டும் போதாது. "கறி இல்லை, மீன் இல்லை, கோழி இல்லை, எலும்புச் சாறும் இல்லை" என்று அந்தந்த நாட்டு மொழியில் ஒரு சீட்டு எழுதி வைத்துக் காட்டுங்கள். பிரான்ஸில் வெங்காய சூப் என்பார்கள். பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறில் செய்தது. இத்தாலியின் பேர் பெற்ற பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைப்பொருள் சேர்கிறது. தக்காளி, துளசி போட்ட பாஸ்தாவைச் சீஸ் தூவாமல் கேட்டு வாங்கலாம்.

பாரிஸில் இருக்கும்போது நாக்கு செத்துவிட்டது என்று தோன்றினால், 'கார் து நோர்' ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் பகுதிக்குப் போங்கள். இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். தோசை உண்டு, முருங்கைக்காய் உண்டு, கடைப் பலகையில் தமிழ் எழுத்தும் உண்டு. 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்த வட்டாரத்தில்தான். யுத்தத்தில் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் கட்டிக்கொண்ட ஊர் அது. சாப்பிட்டுவிட்டு உடனே எழுந்து வந்துவிடாமல், கடைக்கார அம்மாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

பன்னிரண்டு நாள் ரொட்டி சாப்பிட மலைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. ரோமில் 1577-இல் பிறந்த ராபர்ட் தெ நொபிலி என்ற பாதிரியார் 1606-இல் நம் மதுரைக்கு வந்தார். மாமிசத்தை விட்டார், காவி உடுத்தினார், தமிழ் படித்துத் தமிழிலேயே புத்தகங்கள் எழுதினார். ரோமாபுரிக்காரர் ஒருவர் நம் ஊருக்கு வந்து, ஆயுள் முழுக்க நம் மாதிரிச் சாப்பிட்டிருக்கிறார். நாம் அவர் ஊரில் நாலு நாள் சமாளிக்க மாட்டோமா?

குறைவாகப் பாருங்கள், நிறைவாகப் பாருங்கள்

'பன்னிரண்டு நாளில் ஏழு நாடு' என்றால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். முடிந்தால் மூன்று நாடு, நான்கு ஊர் போதும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். மத்தியானம் ஒரு மணி நேரம் பூங்கா பெஞ்சில் உட்காருங்கள். அந்த ஊர்ப் பெண்கள் குழந்தையை எப்படித் தூக்குகிறார்கள், காய்கறியை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதும் ஊர் பார்ப்பதுதான்.

சில குறிப்புகள்: பாரிஸில் லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை விடுமுறை, வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை விடுமுறை. வாடிகன் மியூசியம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நம் புடவைக்கும் சல்வாருக்கும் பிரச்னையே இல்லை. ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு. சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள். ஜூன் மாதம் பாரிஸில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று குழந்தைகளை அலைய விடாமல், நேரம் பார்த்துத் தூங்க வையுங்கள்.

ஈஃபில் கோபுரத்துக்கு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 1889-இல் கட்டியது; இன்று உயரம் 330 மீட்டர். நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. அதைப் போல ஆறு மடங்குக்கு மேல். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் காட்டினால் மனசில் நிற்கும். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, தெற்கு வாசலில் தினமும் தலை குனிந்து போகிறோமே என்றும் கொஞ்சம் தோன்றும்.

பாரிஸ், ரோம், பார்சிலோனா மூன்று ஊரிலும் ஜேப்படிக்காரர்கள் அதிகம். கழுத்தில் கனமான சங்கிலி வேண்டாம். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து, உள்ளே போட்டுக்கொண்டு போகலாம். மாமியார் என்ன சொல்வார்களோ என்று பயந்தால், "அத்தை, கயிறுதான் பத்திரம்"னு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

கைக்குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு: தள்ளுவண்டி பாரிஸில் உதவும், வெனிஸில் சுமை. மார்போடு கட்டிக்கொள்ளும் துணித் தொட்டில் எங்கும் உதவும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது வலிக்காது. பிள்ளையை ஊரில் விட்டுப் போவதானால் பாட்டிக்கு மருந்து விவரம், டாக்டர் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுங்கள். தினமும் ஒரு நேரம் குறித்துப் பேசுங்கள். "பெத்த பிள்ளையை விட்டுட்டு ஊர் சுத்துறா" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அதே பிரயாணம் போன அப்பாவை யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

போட்டோ எடுப்பதிலும் ஒரு பங்கீடு வேண்டும். நிறைய ஆல்பங்களில் அவர் எடுத்த கோபுரமும் அவர் எடுத்த ஏரியும் இருக்கும். மனைவி ஓரத்தில் கைப்பைகளோடு நிற்பார். கேமரா ஒரு நாள் அவர் கையில், ஒரு நாள் உங்கள் கையில் இருக்கட்டும். மேப்பும் அப்படியே. வழி தவறினால் தவறட்டும். வழி கேட்டுக் கண்டுபிடித்து வந்த தெருதான் பிறகு ஞாபகத்தில் நிற்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

நீங்கள் போவது அடுத்த வருஷமாக இருக்கலாம். ஐந்து வருஷம் கழித்தும் இருக்கலாம். ஒரு வேலையை மட்டும் இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செய்யுங்கள். இரண்டு காகிதம் எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காமல், பார்க்க விரும்பும் மூன்று இடங்களை எழுதுங்கள். "உங்களுக்குப் பிடிச்சதே எனக்கும்ங்க" என்று எழுதினால் செல்லாது!

பிறகு இரண்டையும் மாற்றிப் படியுங்கள். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இவருக்கு இப்படி ஓர் ஆசையா என்று இருவருக்குமே ஆச்சரியமாக இருக்கும். ஐரோப்பா என்றுதான் இல்லை; தஞ்சாவூரோ, காசியோ, கன்னியாகுமரியோ எழுதியிருந்தாலும் சரி. இரண்டு காகிதத்திலும் உள்ள ஒவ்வொரு இடமாவது நிறைவேறுகிற மாதிரித் திட்டம் போடுங்கள். உண்டியல் வாங்குவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போய் வந்தவர்கள், உங்கள் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது, அதைப் பார்த்தீர்களா என்று எனக்கு எழுதுங்கள்.